சொல்லும் வாயும் கேட்கும் செவியும்: தோட்டத்தில் தலைமைப் பண்பு

ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வேலை செம்மையாக நடைபெற நல்ல மரம் வேண்டும்; கூரிய கத்தி வேண்டும்; பழகிய கை வேண்டும். இம்மூன்றும் குறைவின்றி அமைந்திருந்தும் சில தீம்பார்களில் பட்டை பாழாவதையும், பால் குறைவதையும், தொழிலாளரிடையே மனத்தாங்கல் வளர்வதையும் காண்கிறோம். அங்கெல்லாம் குறைந்திருப்பது நான்காவதொன்று. அதுவே தெளிந்த சொல்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தோட்ட நிருவாகி ஒருவர், "பதினான்காம் தீம்பாரில் பட்டை அளவுக்கு மீறிச் செலவாகிறது. பட்டையை மெல்லியதாகச் சீவும்படி சொல்லுங்கள்" என்று கிராணியாரிடம் கூறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிராணியார் மண்டோரிடம், "பதினான்கில் வெட்டுச் சரியில்லையாம்" என்கிறார். மறுநாள் அதிகாலைப் பிரட்டில் மண்டோர், "ஒழுங்காக வெட்டுங்கள், இல்லாவிட்டால் நிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்" என்று எல்லார் முன்னிலையிலும் உரத்துக் கூறுகிறார். தொழிலாளியின் காதில் விழுந்தது அச்சுறுத்தல் மட்டுமே. பால் போதவில்லை என்பதுதான் குறையோ என்று எண்ணி அவர் கத்தியை ஆழமாகச் செலுத்துகிறார். மெல்லியதாகச் சீவுக என்ற கட்டளை, மூன்று வாய் மாறி, மரத்தைக் காயப்படுத்தும் வெட்டாக முடிகிறது.

இவர்களுள் எவரும் தீய நோக்கம் உடையவர் அல்லர். ஆனால் சொல்லப்பட்டது என்ன, கேட்கப்பட்டது என்ன என்று எவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இழப்பு மரத்திற்கும் அதனை நம்பிப் பிழைக்கும் குடும்பத்திற்குமே நேர்ந்தது. பட்டைக்கும் மரக்கட்டைக்கும் நடுவே, பட்டையை மீண்டும் வளரச் செய்யும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. கத்தி அதனைத் தொட்டுவிட்டால் அவ்விடம் புண்ணாகிப் பின்னர்ப் புடைத்துவிடும். புதுப்பட்டை சீராக வளராது. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வெட்ட வேண்டிய இடத்தில் கத்தி செல்லாது. ஒருநாள் சரியாகச் சொல்லப்படாத சொல்லின் விலை அத்தனை நீண்டது.

தலைவர் என்பவர் யார்?

தலைமை என்றவுடன் நிருவாகியின் பங்களாவையே நாம் நினைக்கிறோம். உண்மையில் தோட்டத்தில் தலைமைப் பொறுப்பு பலரிடம் பகிர்ந்து கிடக்கிறது. மண்டோர் ஒரு தலைவர். தொழிற்சங்கக் கிளையின் செயலாளர் ஒரு தலைவர். பாதுகாப்புக் குழுவின் உறுப்பினர் ஒரு தலைவர். புதிதாக வந்த பெண்ணுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் மூத்த பால்வெட்டுத் தொழிலாளியும் அந்த வேளையில் ஒரு தலைவரே. எவருடைய சொல்லைக் கேட்டு மற்றவர் வேலை செய்கின்றனரோ, அவருக்கு இக்கட்டுரை உரியது.

வரலாறு கற்பிக்கும் பாடம்

நம் தோட்டங்களின் பழைய தலைமை, கங்காணித் தலைமை. கங்காணி தம் ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்தவர். தம் ஆட்களுக்குக் காவலரும் அவரே, கண்டிப்பவரும் அவரே. வேலைக்கு வந்து நின்ற ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே தலைகளை எண்ணுவது அவருடைய தொழிலாயிற்று. தலைக்குள் இருந்த எண்ணத்தைக் கேட்பது தொழிலாகவில்லை. தொழிலாளி வாய் திறப்பது எதிர்ப்பாகக் கருதப்பட்டது. 1938இல் இந்திய அரசு தொழிலாளரை இங்கு அனுப்புவதை நிறுத்திய பின்னர் அம்முறை தன் வலிமையை இழந்தது. ஆயினும் அது விட்டுச்சென்ற பேச்சு வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

1941இல் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. ஊதிய உயர்வு முதன்மையான கோரிக்கை என்பது உண்மையே. அதனோடு தொழிலாளர் முன்வைத்த வேறு சில கோரிக்கைகளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். கடுமையாக நடந்துகொள்ளும் அலுவலர்களை நீக்கித் தமிழ் அறிந்தவர்களை அமர்த்த வேண்டும் என்று கேட்டனர். துரையோ அலுவலரோ எதிர்ப்படும்போது சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டனர். சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்வதால் ஒருவருக்கு ஒரு காசும் கூடுவதில்லை. எனினும் அதற்காக மக்கள் போராட முன்வந்தனர். வயிற்றுக்குச் சோறு எத்துணை தேவையோ, மனிதனுக்கு மதிப்பும் அத்துணை தேவை என்பதை அந்தக் கோரிக்கை உணர்த்துகிறது. அவ்வேலைநிறுத்தம் வன்மையாக அடக்கப்பட்டது. அதன் தலைவர் ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார்.

கேட்கச் செவியில்லாத இடத்தில் சிறு குறையும் பெரும் பிணக்காகும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். போருக்குப் பின் தொழிலாளர் தமக்கெனக் குரலை அமைத்துக்கொண்டனர். 1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் அதன் முதல் பொதுச் செயலாளராக விளங்கினார். கைகட்டி நின்று கேட்டுக்கொண்ட நிலை மாறி, மேசையின் எதிரே அமர்ந்து பேசும் நிலை வந்தது.

நல்ல தலைமைக்கு ஐந்து பழக்கங்கள்

தலைமைப் பண்பு பிறவியில் வருவதன்று, பழக்கத்தில் வருவது. பால்வெட்டைப் போலவே நாள்தோறும் செய்து பழக வேண்டியது. அவற்றுள் ஐந்தைக் காண்போம்.

முதலாவது, காரணத்தைச் சேர்த்துச் சொல்லுதல். "இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் வெட்டு" என்பது கட்டளை. "பட்டையினுள் பால் ஓடும் குழாய்கள் மேலே செல்லச் செல்ல வலப்புறமாகச் சற்றே சாய்ந்துள்ளன, இவ்வாறு வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் அறுபடும்" என்பது காரணம். கட்டளையை மட்டும் அறிந்தவர் மண்டோர் பார்க்கும்போது சரியாக வெட்டுவார். காரணத்தை அறிந்தவர் எவரும் பாராதபோதும் சரியாக வெட்டுவார். பால் ஊக்கி மருந்து பூசுவதும் இத்தகையதே. அம்மருந்து பால் வடியும் நேரத்தை நீட்டிக்கிறது. அளவு மீறினால் மரம் களைத்துப் பட்டை வறண்டுபோகக்கூடும். இதனைச் சொல்லாமல் மருந்தை மட்டும் கையில் கொடுத்தால், கூடுதலாகப் பூசினால் கூடுதலாகப் பால் வரும் என்று எவரும் எண்ணத்தானே செய்வர்?

இரண்டாவது, செய்து காட்டுதல். ரப்பர் இந்நாட்டில் வேரூன்றிய கதையே இதற்குச் சான்று. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற எச். என். ரிட்லி, மரத்திற்கு ஊறு நேராமல் ஒரே வெட்டுக்காயத்தை மீண்டும் மீண்டும் மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து வகுத்தார். தோட்ட முதலாளிகளைக் கண்டபோதெல்லாம் ரப்பர் நடுமாறு வற்புறுத்தினார். அவர்களோ காப்பியில் கருத்தூன்றியிருந்தனர். அவரைப் பித்தர் என்று எள்ளி நகைத்தனர். ரிட்லி சினந்து ஒதுங்கவில்லை. மரத்தைக் காட்டினார், பாலைக் காட்டினார், விதையைக் கையில் கொடுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்பவர் அவர் சொல்லை ஏற்று ரப்பர் பயிரிட்டார். மற்றவர் பின்தொடர்ந்தனர். ஆண்டுக் கணக்கில் பேசியும் ஏறாத சொல், கண்ணால் கண்டபின் ஏறிற்று. ஆதலால் மண்டோரே, "இப்படி வெட்டு" என்று நின்ற இடத்திலிருந்து கூறாதீர்கள். கத்தியைக் கேட்டு வாங்கி ஒரு மரத்தை வெட்டிக் காட்டுங்கள். பிறகு அவரை வெட்டச் சொல்லி அருகில் நின்று பாருங்கள்.

மூன்றாவது, திரும்பச் சொல்லக் கேட்டல். "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது" என்றே விடை வரும். புரியாதவர் பலர் முன்னிலையில் அதை ஒப்புக்கொள்ள நாணுவர். எனவே வினாவை மாற்றுங்கள். "அக்கா, இன்று எந்த நிரையில் தொடங்கப் போகிறீர்கள்? மழை தூறினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "ஏழாவது நிரையிலே, தம்பி. தூறினால் வெட்டை நிறுத்திவிட்டு உங்களுக்குச் சொல்லி அனுப்புகிறேன்" என்று அவர் கூறினால், உங்கள் சொல் ஊறுபடாமல் சென்று சேர்ந்தது என்று தெளியலாம். அவர் வேறொன்று கூறினால், அங்கேயே திருத்தலாம். இதற்கு அரை நிமிடம் போதும். ஈரப் பட்டையில் வெட்டினால் பால் வழிந்தோடி வீணாவதோடு பட்டை நோயும் பற்றக்கூடும். அந்த இழப்பை ஈடுசெய்ய ஒரு பருவமும் போதாது.

நான்காவது, தனியே திருத்திப் பலர்முன் பாராட்டுதல். நம்மிற் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம். பிழையைப் பிரட்டுக் களத்தில் பறைசாற்றுகிறோம். நல்ல வேலையைக் கண்டும் காணாதது போல் கடந்துபோகிறோம். மகன் வயதுள்ள மண்டோர், தாய் வயதுள்ள தொழிலாளியைப் பலர் முன்னிலையில் ஒருமையில் ஏசினால், அன்று முழுவதும் அந்த அம்மையாரின் நெஞ்சில் நிற்பது வசைச்சொல்லே, திருத்தம் அன்று. அதே பிழையை மரத்தருகே சென்று, "அம்மா, இந்த இடத்தில் காயம் பட்டிருக்கிறது, பாருங்கள்" என்று காட்டினால், அவர் மறுநாள் அந்த மரத்தின்முன் ஒரு கணம் நின்று நிதானித்தே வெட்டுவார். இதனால் மண்டோரின் அதிகாரம் குறையாது, உறுதிப்படும்.

ஐந்தாவது, கணக்கைக் கண்முன் காட்டுதல். தோட்டத்தில் எழும் ஐயங்களுள் பெரும்பகுதி பால் நிறுக்கும் இடத்தில் பிறக்கிறது. ஒருவர் 20 கிலோ பால் கொண்டுவருகிறார். அதில் உலர்ந்த ரப்பர் 30 விழுக்காடு எனில் அவர் கணக்கில் 6 கிலோ சேரும். 35 விழுக்காடு எனில் 7 கிலோ சேரும். வாளியின் எடை ஒன்றே. கணக்கில் ஏறுவதோ வேறு. மழைநீர் கலப்பதாலும், மருந்து பூசியதாலும், பருவ மாற்றத்தாலும் பாலின் திண்மை மாறும் என்பதை அறியாதவர், தம்மை ஏமாற்றிவிட்டனர் என்றே எண்ணுவார். மெட்ரோலாக் மானியைப் பாலில் மிதக்கவிட்டு, "இதோ, நீங்களே கோட்டைப் பாருங்கள்" என்று காட்டும் கிராணியாரிடம் எவரும் வழக்காடுவதில்லை. ஏட்டை மூடிக்கொண்டு எண்ணை மட்டும் கூறுபவரிடம், அவர் நேர்மையானவராக இருப்பினும், ஐயம் தீர்வதில்லை. நேர்மையாக நடந்தால் மட்டும் போதாது; நேர்மை பிறர் காணும்படியும் இருத்தல் வேண்டும்.

மொழி வேறுபடும்போது

முன்பு பிரட்டுக் களத்தில் தமிழ் ஒன்றே பெரும்பாலும் ஒலித்தது. இன்றோ பல தோட்டங்களில் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் நம்மோடு பணிபுரிகின்றனர். நம் பாட்டனாரும் ஒரு காலத்தில் மொழி தெரியாத நாட்டில் கப்பலிலிருந்து இறங்கியவர்தாம் என்பதை நாம் மறத்தலாகாது. அன்று அவர் எந்தப் பரிவை எதிர்பார்த்தாரோ, அதையே இன்று இவர்கள் நம்மிடம் எதிர்பார்க்கின்றனர்.

இத்தகையோருடன் பேசும்போது குரலை உயர்த்துவதால் பயனில்லை; அவருக்குத் தெரியாதது மொழியே அன்றிச் செவி மந்தமில்லை. எல்லாருக்கும் பொதுவான மலாய் மொழியில் சிறு சிறு வாக்கியங்களாகக் கூறுக. ஒரு வேளையில் ஒரு செய்தி மட்டும் கூறுக. கையால் காட்டுக. ஆபத்தைக் குறிக்கும் 'பஹாயா', நிறுத்துக என்னும் 'பெர்ஹெந்தி' ஆகிய சொற்களைக் குழுவினர் அனைவரும் அறிந்திருக்கச் செய்க.

களைக்கொல்லி தெளிக்கும் வேலையில் இது உயிர் காக்கும் செயலாகும். நம் நாட்டில் விற்கப்படும் பூச்சி, களை மருந்துகளின் சீட்டில் நச்சின் கடுமையைக் காட்டும் நிறப்பட்டை உண்டு. எழுத்தறியாதவரும் பிற மொழியாளரும் நிறத்தை அறிவர். அதன் பொருளை வேலை தொடங்குமுன் கற்பித்தல் மண்டோரின் கடமை. பல்லாண்டு பழக்கத்திலிருந்த பராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு இந்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய கலன்கள் எங்கேனும் கிடந்தால் அவற்றைத் தொடாமல் உடனே மேலிடத்திற்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் அவரவர் மொழியில் சொல்லிவைப்பது நலம்.

கீழிருந்து மேலே செல்லும் சொல்

இதுவரை மேலிருந்து கீழே வரும் சொல்லைப் பற்றிக் கண்டோம். கீழிருந்து மேலே செல்லும் சொல்லும் அதற்கு இணையான இன்றியமையாமை உடையது. குறையைக் கூறுவதற்கும் ஒரு முறை உண்டு. "இந்தத் தோட்டத்தில் எதுவுமே சரியில்லை" என்பது புலம்பல். அதற்கு எவரும் மருந்து தர இயலாது. "ஒன்பதாம் தீம்பாரின் ஓடைப் பாலத்தில் இரண்டு பலகைகள் இற்றுவிட்டன, கடந்த திங்கட்கிழமை ஒருவர் வாளியோடு விழுந்தார், இருவர் பார்த்தனர், பலகை மாற்றித் தர வேண்டும்" என்பது முறையீடு. என்ன நடந்தது, எங்கே, எப்போது, யார் கண்டனர், என்ன வேண்டும் என்னும் ஐந்துக்கும் அதில் விடை இருக்கிறது. அத்தகைய முறையீட்டைத் தட்டிக்கழிப்பது எளிதன்று.

முறையீட்டைப் பெறுபவருக்கும் கடமை உண்டு. வாயால் கூறியதை ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதிக்கொள்க. எப்போது மறுமொழி தரப்படும் என்பதைக் கூறுக. அந்நாளில் தவறாது கூறுக. "முடியாது" என்பதும் காரணத்தோடு கூறப்பட்டால் ஒரு மறுமொழியே. மறுமொழியே இல்லாத மௌனத்தில்தான் வதந்தி முளைக்கிறது. லயத்துக் குழாயடியில் உலவும் வதந்திகளில் பல, அலுவலகத்தில் கிடைக்காத விடைக்கு மக்கள் தாமே புனைந்துகொண்ட விடைகளே ஆகும்.

இதற்கெல்லாம் நாட்டின் முறைமையும் துணைநிற்கிறது. 1975இல் முதலாளிகளின் அமைப்பும் தொழிற்சங்கங்களின் அமைப்பும் ஏற்றுக்கொண்ட தொழிலியல் இணக்கத்திற்கான நன்னடத்தைக் கோவை, நிருவாகத்திற்கும் தொழிலாளருக்கும் இடையே கருத்துப் பரிமாற்றமும் கலந்தாலோசனையும் நிகழ வேண்டும் என்று வலியுறுத்துகிறது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி 40 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு அமைக்கப்பட வேண்டும். 2024 சூன் முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தம் மற்றுமோர் உரிமையை அளித்துள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, அதனை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்கவில்லையெனில், தொழிலாளி அந்த ஆபத்திலிருந்தோ வேலையிலிருந்தோ விலகிக்கொள்ளலாம். எனினும் சட்டம் கதவைத்தான் திறந்துவைக்கும். உள்ளே சென்று பேச வேண்டியவர் நாமே. குழு இருந்தும் கூட்டத்தில் வாய்மூடி இருந்துவிட்டு, வெளியே வந்து முணுமுணுப்பது எவர்க்கும் பயன் தராது.

வள்ளுவர் வகுத்த வரிசை

திருக்குறளைப் புரட்டுவோர் ஒன்றைக் கவனிக்கலாம். பொருட்பாலின் தொடக்கத்தில், ஆள்பவனுக்குரிய பண்புகளைக் கூறும் அரசியல் என்னும் பகுதியில், 42ஆவது அதிகாரமாகக் 'கேள்வி' அமைந்துள்ளது. 'சொல்வன்மை'யோ அதற்கு வெகுதூரம் பின்னே, அமைச்சியலில், 65ஆவது அதிகாரமாக வருகிறது. ஆள்பவன் முதலில் கேட்கத் தெரிந்தவனாக இருத்தல் வேண்டும். பேச்சுத் திறம் அதன் பின்னரே என்று இவ்வரிசையை நாம் கொள்ளலாம் அன்றோ? நாட்டை ஆள்பவர்க்குப் பொருந்துவது முப்பது பேர் கொண்ட பால்வெட்டுக் குழுவை நடத்துபவர்க்கும் பொருந்தும்.

ஆகவே, மண்டோர்களே, கிளைத் தலைவர்களே, மூத்த தொழிலாளத் தோழர்களே! நாளைக் காலைப் பிரட்டில் ஒரே ஒரு பழக்கத்தைத் தொடங்குங்கள். கட்டளையைக் கூறி முடித்ததும் உடனே கலைத்துவிடாமல், "இதில் எவருக்கேனும் தடை உண்டா?" என்று கேட்டுச் சற்றுப் பொறுத்து நில்லுங்கள். முதல் நாள் எவரும் பேசமாட்டார். இரண்டாம் நாளும் பேசாதிருக்கலாம். கேட்பவர் மெய்யாகவே கேட்கிறார் என்று தெரிந்த நாளில் ஒருவர் வாய் திறப்பார். அவர் கூறுவது இற்றுப்போன ஒரு பலகையைப் பற்றியதாக இருக்கலாம். அதனைக் கேட்டு நீங்கள் எடுக்கும் நடவடிக்கை ஒருவருடைய காலைக் காக்கலாம். ஒரு குடும்பத்தின் வருவாயைக் காக்கலாம்.

கலந்துரையாடலுக்குச் சில வினாக்கள்

1. சென்ற மாதம் உங்கள் தீம்பாரில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட கட்டளை ஒன்றைக் கூறுக. எந்த வாய் மாறியபோது அதன் பொருள் மாறிற்று?

2. உங்கள் தோட்டத்தில் பால் நிறுக்கும்போது எடையும் திண்மையும் தொழிலாளர் கண்ணுக்குத் தெரிகின்றனவா? தெரியவில்லையெனில் யாரிடம், எவ்வாறு கேட்கலாம்?

3. தீர்க்கப்படாத ஒரு குறையைத் தேர்ந்தெடுத்து, என்ன, எங்கே, எப்போது, யார் கண்டார், என்ன வேண்டும் என்னும் ஐந்தும் விளங்க ஐந்து வரிகளில் எழுதுக. எழுத இயலாதவர் கூற, அருகிலிருப்பவர் எழுதித் தருக.

4. உங்கள் குழுவில் தமிழ் அறியாதவர் எத்தனை பேர்? ஆபத்து வேளையில் அவர்களுக்கு உடனே விளங்கக்கூடிய சொற்கள் எவை?